கீழ் வீடு காலியாக எழுநூற்று எண்பத்தைந்து நாட்கள்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மலைமேல் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்றும் இல்லை, கொடியில் காயப்போட்ட என் வேட்டி ஆணி அடித்ததுபோல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவி மாடிப்படியில் விழுந்தாள்.

எங்கள் மாடிப்படியில் பத்தொன்பது படிகள். பதினொன்றாவதில் திரும்பும். இன்னும் மூன்று படிகள் மிச்சமிருக்கும்போது அவளுக்குக் கால் பிசகியது. நான் மாடியில் இருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடவில்லை. எனக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. நானும் விழுந்தால் இருவரையும் யார் தூக்குவது என்று பயந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். அதை அவள் இன்றுவரை விடவில்லை. "பொண்டாட்டி விழுந்து கெடக்கறா, இவரு படிய எண்ணிக்கிட்டு வராரு" என்பாள்.

நான் போவதற்குள் கீழ் வீட்டில் குடியிருந்தவர் ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஆட்டோ கூப்பிட்டதும் அவர்தான். சென்னையில் கம்பெனி வேலையை ஐம்பது வயதிலேயே விட்டுவிட்டு, மலைக்காக மனைவியோடு இங்கே வந்தவர். ரமணாசிரமத்துக்குப் பின்னால் எங்கள் தெருவில் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். 2016 பிப்ரவரியில் குடிவந்தார். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே இவங்களைக் கீழ் வீட்ல வெச்சுக்கோங்க. இன்னொரு தடவ விழுந்தாங்கன்னா எங்களால ஒன்னும் பண்ண முடியாது."

கீழ் வீடு எங்களுடையதுதான். 1994இல் கட்டினோம். 2009இல் மேலே ஒரு வீடு எழுப்பி, காற்றுக்காக நாங்கள் மேலே போய்விட்டோம். இப்போது அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆட்டோக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் மேலே தூக்கிப்போனார்கள். நான் பின்னால் ஏறினேன். 'இன்னொரு தடவை' என்பதற்கு டாக்டர் தேதி சொல்லவில்லை. அது நாளைக்கும் இருக்கலாம், சாயங்காலமும் இருக்கலாம். அன்றிலிருந்து அவள் குளியலறைக்கு எழுந்தால் நானும் எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே நிற்பேன்.

ஜூலை 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட முகம் சுளிக்கவில்லை.

"காலி பண்ணணுமா? தாராளமா சார். உங்க வீடு. ஆனா பதினஞ்சு நாள்ல ஆடி பொறக்குதே. ஆடில யாராவது வீடு மாத்துவாங்களா?"

"மாத்தமாட்டாங்க" என்று நானே சொன்னேன்.

"அப்ப நீங்க மேலே போயிடுங்களேன், நாங்க கீழே வந்துடறோம்" என்றும் கேட்டுப்பார்த்தேன். அவர் தியானம் செய்யும் பின்னறையைக் காட்டினார். "ஏழு வருஷம் உக்காந்த எடம் சார். அந்த அதிர்வை மேல தூக்கிட்டுப் போக முடியுமா, சொல்லுங்க?"

நான் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவன். சங்கிலி போட்டு அளக்க முடியாத எதற்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

ஆடி முடிந்து ஆவணி வந்தது. வீடு தேடுகிறேன், கிடைக்கவில்லை என்றார். புரட்டாசி வந்தது; அதிலும் வீடு மாற மாட்டார்கள். ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் தீபம், அந்த மாதம் இந்த ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வாடகைக்குக் கிடைக்காது. பிறகு மார்கழி. இதில் எதையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்த சாக்கு என்று சொல்ல முடியாது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் மார்கழியில் பால் காய்ச்ச மாட்டேன். ஒவ்வொரு மாதமும் நானே தலையாட்டிவிட்டு, மேலே வந்து, அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாமே வேறு ஒரு கீழ் வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்றும் விசாரித்தேன். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து வந்து எங்கள் பக்கத்தில் வாடகை இருபதாயிரத்தைத் தொட்டிருந்தது. என் ஓய்வூதியத்தில் பாதிக்கும் மேல்.

தை பிறந்த மூன்றாம் நாள் மறுபடி கேட்டேன். அவர் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து மலையைக் காட்டினார்.

"என்னை இங்க வரச்சொன்னது நீங்க இல்ல சார். அவரு. அவரு போகச் சொல்லட்டும், அன்னிக்கே சாவியக் குடுத்துடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மனிதனோடு வழக்காடலாம். மலையிடம் போய் யார் வாக்குமூலம் வாங்குவது?

அன்றைக்குச் செங்கம் ரோட்டு டீக்கடையில் ஒருவர், கேட்காமலே ஒரு தகவலும் கொடுத்தார். "பன்னெண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவங்களுக்கேன்னு சொல்றாங்களே சார், உஷாரு." வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவருக்கு அது பொருந்தாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வகை வழக்குகளுக்கு நூறு முறை அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். 2028 பிப்ரவரி.

வக்கீல் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். என் பழைய வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். பதினொரு மாதத்துக்கு எழுதியது. அதற்குப் பிறகு புதுப்பிக்கவும் இல்லை, பதிவு செய்யவும் இல்லை.

"பரவால்ல சார், ஓனருக்கே தேவைப்படுதுன்னு கேப்போம்" என்றார்.

"எவ்ளோ நாளாகும்மா?"

"சீக்கிரம் முடிக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. கோர்ட்ல எவ்ளோ நாளாகும்னு நான் சொன்னா பொய் சொன்னவளாயிடுவேன்."

"சுமாரா சொல்லுங்க."

"ஒரு வருஷம். ரெண்டும் ஆகலாம். அவரு நின்னு எதிர்த்தாருன்னா இன்னும் ஜாஸ்தி."

முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், முப்பது நாள் தவணை. "அந்தத் தேதிக்கு அப்புறம் வாடகைன்னு ஒரு ரூபாகூடக் கையில வாங்காதீங்க. வாங்கினீங்கன்னா நோட்டீஸ் செத்துப்போச்சு" என்றார். நான் அதை டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். நோட்டீஸ் பிப்ரவரி 5ஆம் தேதி போனது.

மார்ச் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைக்கே சிவராத்திரி. தவணை முடிந்து ஒன்றோ இரண்டோ நாள். சாயங்காலம் விளக்கு ஏற்றி வைத்த நேரத்தில் கீழ் வீட்டு அம்மா மாடிப்படி ஏறிவந்தார், பின்னாலேயே அவரும். அந்த அம்மா கையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. வெற்றிலைக்கு மேல் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"மாசா மாசம் குடுக்கறதுதானே. இன்னிக்கு நல்ல நாளு, அம்மா கையில குடுக்கலாம்னு" என்றார் அவர்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது, சிவராத்திரி, வீடு தேடி வந்த லட்சுமி. அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருந்த ஒரே பயம் அதுதான். எல்லாமே அங்கேதான் போய் முடியும். நாற்காலியில் இருந்த அவள் தட்டைக் கை நீட்டி வாங்கினாள். நான் பணத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார், ஞாபகத்துக்கு" என்று அவர் செல்போனை நீட்டினார்.

அந்தப் போட்டோவை அடுத்த முறை நான் பார்த்தது அவருடைய வக்கீல் அனுப்பிய பதில் நோட்டீஸின் இணைப்பில். என் கண்ணில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் தெளிவாகத் தெரிந்தது. திட்டம் போட்டுத்தான் எடுத்தாரா, ஞாபகத்துக்கு எடுத்ததைப் பிறகு வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"சார், நீங்க படிச்சவருதானே?" என்றார் என் வக்கீல்.

"வெள்ளிக்கெழமைம்மா. வெளக்கு வெச்ச நேரம்."

"அதை அப்படியே ஜட்ஜ்கிட்ட சொல்லிடட்டுமா?"

இரண்டாவது நோட்டீஸ், மறுபடி முப்பது நாள், நடுவில் மே மாதக் கோர்ட் விடுமுறை. வழக்கு ஜூன் 10ஆம் தேதிதான் பதிவானது. தட்டு வந்த நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூற்று நான்கு நாட்கள்.

அதன் பிறகு வாய்தா. ஒரு வாய்தாவுக்கு அவருக்குச் சம்மன் சேரவில்லை. எங்கள் காலுக்குக் கீழேயே பத்தொன்பது படி தள்ளி இருக்கிறவருக்குச் சேரவில்லை. ஒன்றில் பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டார்கள். ஒன்றில் நீதிபதி விடுப்பு. ஒன்றில் வக்கீல்கள் புறக்கணிப்பு. நான் காலை ஒன்பதரைக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அழைப்பு வந்தால் இரண்டு நிமிடம். அடுத்த தேதியை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும்.

போகும் நாட்களில் அவள் தனியாக இருப்பாள். "நான் வர்ற வரைக்கும் நாற்காலிய விட்டு எழுந்துக்காதே" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். திரும்பி வந்ததும் கேட்டைத் திறக்காமல் நின்று காது கொடுப்பேன். மேலே டிவி சத்தம் கேட்டால்தான் தாழ்ப்பாளில் கை வைப்பேன்.

ஐந்தாவது வாய்தா பௌர்ணமியன்று விழுந்தது. திரும்பும்போது கிரிவலக் கூட்டம். ஆட்டோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிரே வரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தேன். கேட்டில் நின்றேன். மேலே சத்தம் இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. அன்றைக்கு மட்டும் நான் படிகளை எண்ணவில்லை.

அவள் நாற்காலியில்தான் இருந்தாள், தலை ஒருபக்கம் சாய்ந்து. தோளைத் தொட்டதும் கண் விழித்தாள்.

"கரண்ட் போச்சு. அப்படியே தூங்கிட்டேன். ஏன் உங்களுக்கு இப்படி வேர்த்திருக்கு?"

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்துகொள்ள அவள்தான் கை கொடுக்கப்பார்த்தாள். வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன்.

2025 பிப்ரவரியில் டாக்டரிடம் காட்ட வேண்டிய முறை வந்தது. வழக்கம்போல நாற்காலி. கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்கியவர் அவர், மேல்பக்கம் ஆட்டோக்காரர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் அவர் ஒரு தடவைகூட வர மாட்டேன் என்று சொன்னதில்லை. நான் மேலே நின்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க எண்ணாதீங்க. எனக்குக் கால் தடுக்குது" என்றார்.

திருப்பத்தில் நாற்காலியின் முன்கால் ஒன்று பட்டென்று உடைந்தது. அவள் முன்பக்கமாகச் சரிந்தாள். அவர் விலகவில்லை. மார்பைக் கொடுத்து அவளைத் தாங்கினார். அவருடைய வலது கை நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். எக்ஸ்ரேவுக்கும் கட்டுக்கும் நான் பணம் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வாய்தா. அன்றைக்கு அவர் தன்னுடைய பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார். கட்சிக்காரரால் கையெழுத்துப் போட முடியவில்லை என்று அவர் வக்கீல் சொன்னார். நீதிபதி கையைப் பார்த்தார். ஆறு வாரம் தள்ளிவைத்தார்.

"எப்படி அடிபட்டுச்சாம்?" என்று என் வக்கீல் காதோடு கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை நான் எதிர்க்கட்டுமா, வேணாமா?"

நான் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் எதிர்க்கவில்லை.

வெளியே ஒரே ஒரு ஆட்டோதான் நின்றிருந்தது. "போற எடம் ஒன்னுதானே சார், வாங்க" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். வாதியும் பிரதிவாதியும் ஒரே சீட்டில் வீட்டுக்கு வந்தோம். பெரிய கோபுரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார். "கேஸை வாபஸ் வாங்கிடுங்க சார். அம்மாவை எப்ப வேணும்னாலும் நானே தூக்கிட்டு வந்து விடறேன். உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

அன்பாகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒப்புக்கொண்டால் என் மனைவி தரையில் கால் வைப்பதும் வைக்காததும் அவர் கையில் போய்விடும். அவர் ஊருக்குப் போன நாளில்? அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில்? ஆட்டோ வாடகையில் பாதியைப் பிடிவாதமாக இடது கையால் கொடுத்தார்.

ஏப்ரல் 16ஆம் தேதி, பதின்மூன்றாவது வாய்தாவில், தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். இரண்டு மாதம் முடிந்தது. கீழே வழக்கம்போலச் சாம்பிராணி வாசனை. தீர்ப்பை நிறைவேற்ற இன்னொரு மனு போட வேண்டும் என்றார் வக்கீல். இன்னும் நான்கு வாய்தா.

"கடைசில கோர்ட் அமீனா வந்து சாமானை எடுத்து வெளிய வைப்பாரு. ஆனா இவரு ஒரு ஆட்சேபணை மனு போட்டாருன்னா இன்னும் மூணு மாசம் போகும் சார்."

ஜூலை கடைசியில் ஒருநாள் காலை அவள் குளியலறையில் சறுக்கினாள். விழவில்லை; தண்ணீர் நிறைந்த டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விலாவில் மட்டும் ஒரு கையகலம் கன்றிப்போனது. நான் மருந்து தடவும்போது சொன்னாள்.

"ஏங்க, தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டலாம். ஆனா கீழ போய்ப் படுக்கறதுக்கு நான் உசுரோட இருக்கணும்ல?"

வக்கீலைக் கேட்காமல் கீழே இறங்கிப்போனேன். அவர் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை. "என்ன குடுத்தா போவீங்க?" என்று கேட்டேன். இவ்வளவு நாளில் நான் அதை மட்டும் கேட்டிருக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்து யோசித்தார். வெகுநேரம் இல்லை, மூச்சு இருபது வரை எண்ணியிருப்பேன்.

"லாரி செலவு, அங்க அட்வான்ஸ், எல்லாம் சேத்து இருபத்தஞ்சாயிரம் குடுத்துடுங்க சார். நீங்க வாங்காம விட்ட வாடகையைக் கேக்கக்கூடாது. ஆடி போகட்டும்."

"எங்க போவீங்க?"

"அடி அண்ணாமலையில ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். அங்க மலை இன்னும் கிட்ட தெரியுது."

எப்போது பார்த்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கை என்ன செய்திருக்குமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சமரசமாகிவிட்டது என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுத்தோம். ஆவணியில், ஆகஸ்ட் 25ஆம் தேதி திங்கட்கிழமை, ஒரு சின்ன லாரியில் சாமான்களை ஏற்றினார்கள். நான் முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து எழுநூற்று எண்பத்தைந்தாவது நாள். அவர் மேலே வந்து என் மனைவியிடம் சொல்லிக்கொண்டார். அவள் அந்த அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்தாள். நான் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, அது இருக்கிறதா என்று அன்றைக்குப் பலமுறை தொட்டுப் பார்த்தேன்.

வெள்ளை அடித்து, செப்டம்பர் 5ஆம் தேதி பால் காய்ச்சினோம். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நான்கு பேர் வந்து, புதிதாக வாங்கிய மர நாற்காலியில் அவளைக் கடைசியாக ஒருமுறை இறக்கினார்கள். நான் வாயே திறக்கவில்லை. வாசலில் வாக்கரைப் பிடித்து நின்று, அவளே உள்ளே நடந்தாள். பின்னறை வரைக்கும் போய், கட்டிலில் உட்கார்ந்து, நான்கு சுவரையும் பார்த்தாள்.

"கொசு ஜாஸ்தியா இருக்கு" என்றாள்.

மேல் வீடு இப்போது பூட்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒருவராவது கேட் அருகில் நின்று வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல முகம், மெல்லிய குரல், மலைக்காக வந்தோம் என்றார்கள். விடுவதில்லை என்று சொல்லிக் கேட்டைச் சாத்திவிட்டேன். மேலே குழாய் சொட்டும் சத்தம் கேட்டால்கூட யாரோ குடிவந்துவிட்டதுபோல் எழுந்து உட்காருகிறேன்.

நேற்று அவள் கேட்டாள், "மொத்தமா எவ்ளோ போச்சு?"

டைரியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீலுக்கு நாற்பத்தைந்தாயிரம், நோட்டீஸ் இரண்டுக்கும் மூவாயிரம். கோர்ட் கட்டணம், நகல், டைப் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து எண்ணூற்று அறுபது. பதினேழு தடவை கோர்ட்டுக்குப் போய்வந்த ஆட்டோ ஐயாயிரத்து நூறு. வாங்காமல் விட்ட பதினேழு மாத வாடகை ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்து ஐந்நூறு. அவர் போவதற்குக் கொடுத்தது இருபத்தைந்தாயிரம். நாற்காலி தூக்கியவர்களுக்கு நாலாயிரத்து நானூறு. அவர் கைக்கு இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. வெள்ளையடிக்கப் பதினாறாயிரத்து இருநூறு.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு லட்சத்து எழுபதாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.